வாயாடி ஸ்டமாடிஸ்

முப்பது வருடம் "ம்", "சரி" என்ற இரண்டே சொற்களில் குடும்பம் நடத்திய ஸ்டமாடிஸ், ஈஸ்டருக்குப் பிறகு திடீரென்று வாயாடியாகிவிட்டார். வோலோஸ் துறைமுகத்து மதுக்கடையில் அவர் கதையை ஆரம்பித்தால், தட்டில் கணவாய் வறுவல் ஆறுவதுகூடத் தெரியாமல் மொத்தக் கூட்டமும் வயிறு குலுங்கச் சிரித்தது.

அவர் மனைவி எவந்தியாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அறுபது வயது ஆணுக்குப் புதிதாக நகைச்சுவை வருகிறதென்றால், அதைக் கேட்டுச் சிரிக்க எங்கோ ஒருத்தி இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

"யாருய்யா அவ?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டுவிட்டாள்.

"பாதிரியார் கழுதை வாங்கின கதை தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தார் ஸ்டமாடிஸ்.

"மழுப்பாதே!"

கழுதை கதையை முடித்துவிட்டுத்தான் அவர் ஓய்ந்தார்.

வியாழக்கிழமை அவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியதும், எவந்தியா பின்னாலேயே போனாள். கடைத்தெருவில் ஒரு மாடி வீட்டுக் கதவை இளம்பெண் ஒருத்தி திறந்து, அவரைச் சிரித்தபடி உள்ளே அழைத்தாள். எவந்தியா படிகளில் தடதடவென்று ஏறி, கதவைத் தள்ளித் திறந்தாள்.

வெள்ளை அங்கி அணிந்திருந்த அந்தப் பெண், ஸ்டமாடிஸின் காதில் சின்னதாக ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா இது?" எவந்தியாவின் குரல் உடைந்தது.

ஸ்டமாடிஸ் அசடு வழியச் சிரித்தார்.

"ஈஸ்டர்லேர்ந்தே காது கேக்கலடி. அடுத்தவங்க பேசினாத்தானே காது வேணும்? நானே பேசினா, சிரிக்கிறாங்களான்னு பாக்கக் கண்ணு போதும்."