மாறுகண் குதிரைவீரன்

ஜெனரல் குதிரைவீரனைத் தூக்கிச் சுவரில் ஓங்கி அடித்தார். குதிரையின் முன்னங்கால் ஒடிந்து விழுந்தது.

"போய்த் தொலை! உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!"

ஜெனரல் என்பது பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் விளையாடும் சங்கத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர். மற்றபடி ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவர். குதிரைவீரன் கட்டைவிரல் உயரம்தான். பதினோரு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெயின்ட் அடித்தும், கடைசியில் மாறுகண் விழுந்துவிட்டது. மனிதருக்கு அழுகையே வந்தது.

பார்லருக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"முதல்ல கண்ணை வரைஞ்சிட்டு, அப்புறம் முகத்துக்கு வாங்களேன். கை தவறினா முகத்துக் கலரை வச்சு மறைச்சுக்கலாம்."

"இது என்ன, உங்க பார்லர்ல நகத்துக்குக் கலர் அடிக்கிற வேலைன்னு நினைச்சியா? போம்மா, போய் வேலையைப் பாரு!"

அவள் துடைப்பத்தை எடுத்தாள். போகும்போது குப்பையைக் கொட்டிவிடுவதாகச் சொல்லி, ஒடிந்ததையெல்லாம் கூட்டி அள்ளிக்கொண்டு போனாள்.

அவருடைய எரிச்சலுக்கெல்லாம் மூல காரணம் 'ஊசி'. சங்கத்தின் ஆண்டுப் போட்டிக்குப் பொம்மையோடு புனைபெயரை மட்டும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். நான்கு வருடமாக முதல் பரிசு ஊசிக்கு, இரண்டாம் பரிசு ஜெனரலுக்கு. ஊசி யாரென்று ஒருவருக்கும் தெரியாது, மேடைக்கு வந்ததும் இல்லை. சங்கத்திலிருக்கும் பல் டாக்டர்தான் என்று ஜெனரல் முடிவே கட்டிவிட்டார். கை நடுங்காது, பூதக்கண்ணாடி உண்டு, போதாக்குறைக்கு ஊசியும் உண்டு.

மிச்சமிருந்த நாட்களில் ஒரு கொடிக்காரனை அவசர அவசரமாக முடித்துப் பெட்டியில் போட்டார். பரிசளிப்பு நாளன்று வழியெல்லாம் மனைவியிடம் ஒரே பேச்சு.

"இந்த வருஷம் புது விதி. நேர்ல வராதவங்களுக்குக் கோப்பை கிடையாது, அடுத்த ஆளுக்குப் போயிடும். பல் டாக்டர் ஊர்லயே இல்லை. கோப்பை நமக்குத்தான்!"

"அப்படியா?" என்றாள் மனைவி.

அரங்கத்தின் முன்மேசையில் ஊசியின் பொம்மை நின்றது. நீலச் சட்டை போட்ட குதிரைவீரன். குதிரையின் முன்னங்கால் முழங்கால் வரை சேற்றில் புதைந்திருக்க, வயிறெல்லாம் சேறு தெறித்திருந்தது.

ஜெனரலுக்கு வயிறு எரிந்தது.

"நான் வாங்குன அதே மாடல்தான். யோசனையைப் பாரு, காலைச் சேத்துல புதைச்சிருக்கான் படுபாவி! அந்தக் கண்ணைப் பாரேன், நேரா நம்மளையே பார்க்குது."

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "முதல் பரிசு, ஊசி! நேர்ல வந்திருந்தா மேடைக்கு வரலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஜெனரல் சுற்றுமுற்றும் பார்த்தார். பல் டாக்டர் இல்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

மனைவி தன் கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டே? உட்காரு, இப்ப என்னைத்தான் கூப்பிடப் போறாங்க!"

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்து மேடையேறினாள். கைத்தட்டல் ஓயவே இல்லை. ஜெனரல் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் கோப்பையைக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "குதிரை பிரமாதம் மேடம்! எந்தக் கடையில வாங்கினீங்க?"

அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வாங்கலை சார். எங்க வீட்டுக் குப்பையில கிடந்தது."