பிள்ளைக்கு வாங்கிய சூரணம்

"பரியாரியார், புள்ள தும்முது!"

வைத்தியர் வீட்டு முற்றத்தில் நின்றே கூவினான் கோணாமலை. நேற்று விக்கலுக்காக ஓடி வந்தவன். அதற்கு முதல் நாள், பிள்ளை கொட்டாவி விட்டதற்காக.

பல வருசம் காத்திருந்து பெற்ற தலைப்பிள்ளை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. பெண் வீட்டோடு வந்து தங்கிய மாப்பிள்ளை. பிள்ளையைப் பார்க்க மாமியும் மச்சாள்மாரும் வீடு நிறைய இருந்தார்கள். அவன் ஒருவரையும் நம்பவில்லை. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் அவனுடைய வயல் கதிர் முற்றிக் காவலில்லாமல் கிடந்தது. பிள்ளையின் விக்கல் நிற்கட்டும் என்று யானையும் பன்றியும் பொறுத்திருக்குமா? வருசச் சாப்பாடே அந்த வயல் வட்டையில்தான் இருந்தது.

"பால் குடிக்குதா?" என்றார் பரியாரியார்.

"குடிக்குது."

"நித்திரை?"

"அது நல்லாக் கொள்ளுது. நான்தான் மூச்சு வருதா எண்டு மூக்கடியில விரல வச்சிக்கிட்டு விடிய விடிய இருக்கன்."

"கைய நீட்டு."

"என்ட கையா?"

"பச்சப் புள்ளைக்கு நாடி பிடிபடாது. தகப்பன்ட கையிலதான் பாக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நாடி பார்த்தார். பிறகு சூரணத்தைக் கடதாசிச் சரைகளில் மடித்துக் கொடுத்தார்.

"பெண்சாதிட்டக் குடு. எப்பிடிக் குடுக்கிறதெண்டு அவவுக்குச் சொல்லி வச்சிருக்கன். நீ அதில தலையிடாத."

மருந்தென்றால் அதுவல்லவோ மருந்து! சில நாட்களிலேயே வீடு அமைதியாகிவிட்டது. பிள்ளை தும்மியது, ஒன்றும் ஆகவில்லை. விக்கியது, தானாகவே நின்றது. ஒரு நாள் வெயில் ஏறும்வரை தூங்கி எழுந்த கோணாமலை, பிள்ளை கிடந்த ஏணைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"புள்ளைக்கு இப்ப நல்ல சுகம், சின்னத்தங்கம். நான் வட்டைக்குப் போறன்."

மனைவி பிள்ளையோடு துறைவரை வந்தாள். மகளின் உச்சியை முகர்ந்தபோது அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. பயம் இருந்த இடமே தெரியவில்லை. தோணியில் ஏறி உட்கார்ந்தவன், சாப்பாட்டுப் பொதியைச் சரிபார்க்கக் கையை விட்டுத் திடுக்கிட்டான்.

"என்ன புள்ள இது? மருந்துச் சரை எல்லாத்தையும் என்ட பொதிக்குள்ள வச்சிருக்காய்! வேளைக்குக் குடுக்காட்டி மறுகா வருத்தம் வந்திருமே!"

சின்னத்தங்கம் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.

"புள்ளட வாயில ஒரு துளியும் படல்ல. இவ்வளவு நாளும் உங்கட கஞ்சியிலதான் கரைச்சித் தந்தனான். அங்க நீங்களே கரைச்சிக் குடிங்க."