இரண்டு பெயர்ப் பட்டியல்

‘மார்ச் 14. இன்றைய தவறு: இரண்டு பேரையும் வெளியே விடும் பட்டனைப் பட்டியலோடு இணைக்க மறந்துவிட்டேன்.’

டைரியை மூடிவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்ட கிளை அலுவலகம் அது. ஊழியர் பட்டியலில் மிஞ்சியது இரண்டே பெயர்: மேனேஜர், அவள்.

நாளை காலை பத்து மணிக்குப் புது வேலை. விடுவிப்புக் கடிதம் இல்லாமல் போனால் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்ற ஒரே குற்றத்துக்காக, ஊழியர்களை விடுவிக்கும் பக்கத்தை எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது. “பக்கம் முடியட்டும், உன்னை விட்டுடறேன்” என்று மேனேஜர் ஒரு மாதமாக ஒரே பாட்டுப் பாடினார். தினம் ஒரு குறையும் கண்டுபிடித்தார். இன்றும் வந்து அவள் திரையை எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, பட்டன் எங்கேயோ உச்சியில தொங்குது? யாரை விடறதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“இணைக்க மறந்துட்டேன் சார். சேர்த்துட்டா அதுவா பட்டியல் பக்கத்துல வந்துடும். ஒவ்வொரு பேருக்கும் டிக் பண்ண ஒரு கட்டமும் வரும்.”

“தன் பேரைத் தானே டிக் பண்ணக் கூடாது. அந்த விதி இருக்குல்ல?”

“நீங்க சொன்னதும் அதைத்தான் முதல்ல எழுதினேன் சார்.”

“இருக்கணும்மா. இல்லேன்னா ஊரே ஓடிடும்.” சிரித்துக்கொண்டே சாவிக்கொத்தை அவள் மேசைமேல் வைத்தார்.

ஒரே ஒரு வரிதான் சேர்க்க வேண்டியிருந்தது. தன்மேல் நம்பிக்கை இல்லாமல் மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். ‘பக்கத்தைப் பூட்டியாகிவிட்டது. இனி ஒரு புள்ளியை மாற்றவும் பதினைந்து நாள் ஆகும்’ என்று உடனே பதில் வந்தது.

“உன் திரையில என் பேருக்குப் பக்கத்துல கட்டம் வருதா?”

“வருது சார்.”

“டிக் பண்ணி அமுக்கு.”

“சார்! நிஜமாவே விடுவிச்சிடும்.”

“விடுவிக்கட்டுமே. எனக்கும் போதும்மா, இருபத்திரண்டு வருஷம். அடுத்த நிமிஷம் உன் பேரு.”

பாவம், இவரும் நம்மைப் போலத்தானா என்று நினைத்தபடி அமுக்கினாள். பட்டியலிலிருந்து அவர் பெயர் மறைந்தது. பிரின்டர் அவருடைய கடிதத்தைத் துப்பியது.

மிஞ்சியது அவள் பெயர் மட்டும். அதன் பக்கத்தில் கட்டம் இல்லை.

“சார், இப்ப நீங்க என் பேரை...”

அவர் தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். ‘நீங்கள் இந்த அலுவலக ஊழியர் அல்ல’ என்றது அது.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மேசைக்கடியில் தயாராக இருந்த பெட்டியை எடுத்தார்.

“நாளைக்கு ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்துடும்மா.”