சிந்தாத ஒயில்

பீப்பாவிலிருந்து கியர் ஒயிலைத் தகரக் கானுக்கு ஏற்ற ஜௌபர் சொந்தமாகச் செய்த பம்பு, கிழமைக் கணக்கில் அவனுடைய பொறுமையைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பழைய லொறியில் கழற்றிய பம்புத் தலையை ஒரு மோட்டரோடு பெல்ட் போட்டு இணைத்திருந்தான்.

சுவிட்சைப் போட்டான். மோட்டர் உறுமியது, பெல்ட் வழுக்கியது, சீனிப்பாணி மாதிரித் தடித்த ஒயில் குழாயின் பாதியில் நின்றுவிட்டது. எரிச்சலோடு குழாயைப் பிடுங்கினான். முகத்திலும் உடுத்திருந்த சாரனிலும் ஒயில் பீச்சியடித்தது.

கிணற்றடியிலிருந்து மனைவி பாயிஸா கேட்டாள். "மச்சான், இன்னும் முடியல்லியா?"

"கரச்சல் படுத்தாத புள்ள. ஒனக்காகத்தானே இந்தப் பாடு படுறன்."

உண்மைதான். தன் ஒயில் கடையில் கோப்பையால் ஒயில் அள்ளி ஊற்றி அவன் நாசமாக்கிய சாரன்களோடு மாரடித்து அலுத்துப்போய், இதற்கொரு வழி பார்க்கச் சொன்னவளே அவள்தான். இப்போது நின்றால் நடந்தால் நச்சரிக்கிறாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு பெல்ட்டை இறுக்கினான். அகலமான குழாய் பூட்டினான். பள்ளிவாசலில் பின்னேரத்து அசர் பாங்கு கேட்கும் நேரம், ஒயில் கயிறு மாதிரிக் கானுக்குள் இறங்கியது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"வந்து பாரு புள்ள. இனி என்ட சாரன்ல ஒரு பொட்டு ஒயில் இரிக்காது."

ஈரக் கையோடு வந்த பாயிஸா ஒயிலைப் பார்க்கவில்லை. சவர்க்காரத்தில் தோலுரிந்த விரலால் மோட்டரைத் தொட்டுக் காட்டினாள்.

"நல்லா வேல செய்யிது மச்சான். இனி இத என்ட வொசிங் மெசின்ல திருப்பிப் பூட்டுங்க. ஒங்கட ஒயில் சாரனெல்லாம் கிணத்தடியில குவிஞ்சி கிடக்கு."