தெரியாத சொல்

"பயந்துராத சுதா. நிதானமா யோசிச்சு எழுது. சாயந்தரம் ரெண்டு பேருமா போய் அப்பாவப் பாத்துட்டு வருவோம்" என்றான் யோகேஸ்வரன். ஆட்டோவின் கண்ணாடியில் தன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான். சிரிப்பு சரியாகத்தான் இருந்தது.

"சரி மாமா" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா மகள் சுதர்ஷினி.

அவளுடைய அப்பா முத்துலிங்கம் நுவரெலியா ஆஸ்பத்திரியில் விடியற்காலையிலேயே இறந்துபோயிருந்தார். வார்டிலிருந்து ஒரு நர்ஸ் யோகேஸ்வரனை அழைத்து, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள். "ஹரி மிஸ்" என்று சிங்களத்திலேயே சரி மட்டும் சொல்லி அவன் போனை வைத்தான். அழுகை வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

தகப்பனில்லாத அவனைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர் மச்சான். ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

அக்கா லெட்சுமியிடம் அவன் வாய் திறக்கவில்லை. சொன்னால் லயத்து வீடுகளெல்லாம் கூடி அழும். பிள்ளை பரீட்சைக்குப் போகமாட்டாள். சாதாரண தரப் பரீட்சையில் இன்று இங்கிலீஷ் பாடம். சுதர்ஷினி பயப்படுகிற ஒரே பாடம் அது. 'இது ஒண்ணுல தேறிட்டா அவள டீச்சராக்கிப்புடுவேன்' என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மச்சான் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பரீட்சை முடியட்டும். முதலில் பிள்ளையிடம், பிறகு அக்காவிடம்.

புறப்படும்போது லெட்சுமி வாசலில் நின்று மகளின் நெற்றியில் திருநீறு பூசினாள். ஆஸ்பத்திரிக்குத் தினமும் கொடுத்துவிடும் கஞ்சிப் போத்தலை இன்றும் நீட்டுவாள், அதை எந்த முகத்தோடு வாங்குவது என்று யோகேஸ்வரன் தவித்துக்கொண்டிருந்தான். அவள் எதையும் கொடுக்கவில்லை. தப்பித்தோம் என்று வண்டியைக் கிளப்பினான்.

கொட்டகலையில் பள்ளிக்கூட வாசலில் பவுலின் டீச்சர் பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"தெரியாத சொல்லு வந்தா அதையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்காத. அதுக்கு முன்னால என்ன நடக்குது, பின்னால என்ன நடக்குதுன்னு பாரு. சொல்லு தானா வெளங்கும். சரியா?"

"சரி டீச்சர்" என்று சுதர்ஷினி உள்ளே போனாள்.

யோகேஸ்வரன் மதிலோரமாக வண்டியை நிறுத்தினான். அக்கா பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று போனை அணைத்தான். வாங்கிவந்த தேத்தண்ணி கையிலேயே ஆறியது. "ஹயர் போவுமா?" என்று சவாரி கேட்டவருக்கு இல்லையென்று தலையாட்டினான். 'சுதா, அப்பா...' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. மூடுபனி தேயிலை மலையில் இறங்கியது, ஏறியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பரீட்சை முடிந்து பிள்ளைகள் இரைச்சலோடு வெளியே வந்தார்கள். சுதர்ஷினி மட்டும் யாரோடும் பேசாமல் வந்து ஏறினாள்.

"எப்புடி எழுதுன?"

"எழுதிட்டேன் மாமா. வாசிப்புல மட்டும் ஒரு சொல்லு தெரியல. 'ரிலக்டன்ட்'னு. தோணிக்காரன் ரிலக்டன்டா இருந்தான்னு போட்டிருந்திச்சு."

"அப்புறம்?"

"டீச்சர் சொன்ன மாதிரி சுத்திப் பாத்தேன். அவன் மேகத்தப் பாக்குறான். கயித்த அவுக்குறான், திரும்பக் கட்டுறான். வாங்க, ஏறுங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. அப்ப அவனுக்குப் போக மனசில்லன்னு தானே அர்த்தம்? அப்புடி வர்ற விடையத்தான் போட்டேன்."

"சரியாத்தான் இருக்கும்" என்றான். அவள் குரலில் மகிழ்ச்சியும் இல்லை, கவலையும் இல்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

கோயில் வளைவில் சொல்லிவிடலாம் என்று வேகத்தைக் குறைத்தான். கோயில் வந்தது, போனது. தேயிலை ஃபெக்டரிக்கு முன்னால் சொல்லலாம் என்றிருந்தான். அங்கே லொறி ஒன்று நின்றது. அதைத் தாண்டி மறுபடி வேகமெடுத்தான். இன்னும் கொஞ்சம் போனால் தோட்டத்துக்குத் திரும்பும் பாதை வந்துவிடும்.

"மாமா, வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க."

"ஏன் புள்ள, தல சுத்துதா?"

"இல்ல. நிப்பாட்டுங்க. எஞ்சினையும் நிப்பாட்டுங்க."

நிறுத்தினான். சத்தம் அடங்கியதும் எங்கோ கீழே ஓடை ஓடுவது கேட்டது. அவள் இறங்கி முன்னால் வந்து, ஹேண்டிலைப் பிடித்திருந்த அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவள் கைகள் சில்லிட்டிருந்தன. கண்கள் காய்ந்திருந்தன.

இப்போது சொல்லிவிட வேண்டியதுதான். "சுதா..."

"பதறக் கூடாது மாமா" என்றாள் அவள். "ஆஸ்பத்திரியிலருந்து அம்மாவுக்குப் போன் வந்திச்சு. நீங்க தாங்கமாட்டீங்க, இந்த வளைவு ரோட்டுல வண்டி ஓட்டணுமேன்னு அம்மாதான் காலையில உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

"என்னத்த?"

"அப்பா விடியக்காலையிலேயே போயிட்டாரு, மாமா."