மழைக்கு ஒதுங்கியவன்

"இந்த மழ லேசுல விடாது தம்பி. அந்த நாற்காலில உட்காருங்க."

'வாங்க' என்று வாய் நிறைய ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்தப் பெரியவர். கோகுலகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. போகட்டும், ஒதுங்க இடம் கிடைத்ததே என்று முதுகுப் பையை இறக்கினான்.

ஆபீஸ் லீவில் பூலாம்பாடியிலிருந்து திருமழபாடி வரைக்கும் நடந்தே போய், கொள்ளிடத்தில் காலை நனைப்பதாகத் திட்டம். கூட வருவதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்த நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, இவன் மட்டும் கிளம்பிவிட்டான். பச்சைமலைமேல் இறங்கிய மேகம் அழகுதான். பெரம்பலூர் தாண்டி மக்காச்சோளக் காடும் அழகுதான். யாரிடம் சொல்ல? கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவே முடியாமல் போனபோது சேர்ந்து சிரிக்கக்கூட ஆளில்லை.

வழியில் பார்த்தவர்களெல்லாம் எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்றுதான் கேட்டார்கள். சும்மா நடக்கிறேன் என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சும்மா நடக்கிறவனை யார் நம்புவார்கள்! யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசமாட்டார்களா என்று ஏங்கிப்போயிருந்தான்.

பெரியவர் பேசினார். பெயர் அரியமுத்து. கொள்ளிடத்தில் தண்ணீர் இடுப்பளவு போகிறதாம். நேற்றுதான் போய் முழுகிவிட்டு வந்தாராம். அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை தூக்கல். வீராயி கையால் குடித்திருந்தால் தெரியும் என்று மனைவியின் பெருமையைச் சொல்லிக்கொண்டார்.

வாசல் பந்தலில் வாடகை நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். பேத்திக்குக் காதுகுத்தாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"வீட்ல விசேஷமாங்க?"

"எல்லாம் நேத்தோட முடிஞ்சுது. பொண்ணும் மாப்பிள்ளையும் காலையில கிளம்பிட்டாங்க."

அந்த அம்மாவும் மகளோடு போயிருக்கிறார் போலும்.

மழை தூறலாகியது. அரியமுத்து விடுவதாக இல்லை. மேற்கே இன்னும் இருட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்றார். இன்னொரு டீ குடிக்கலாம் என்றார். இவனுக்கும் எழ மனசில்லைதான். ஆனால் பொழுது சாய்வதற்குள் திருமழபாடி போய்ச் சேரவேண்டுமே. பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

"போயிட்டு வரேங்க."

அரியமுத்து திடுக்கிட்டு நிமிர்ந்தார். தப்பாக என்ன சொல்லிவிட்டோம் என்று கோகுலகிருஷ்ணன் விழித்தான். அவர் தூறலிலேயே இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி. வீராயிய எடுத்ததுலேருந்து இந்த வூட்டுக்கு எத்தனையோ பேரு வந்தாங்க. ஒருத்தரும் வரேன்னு சொல்லிட்டுப் போகல."