வாத்துப் பை

“இந்தப் பையை மாட்டிக்கிட்டு ஏறினா பஸ்ஸே எந்திரிச்சு எடம் குடுக்கும்டி” என்றார் சபாநாயகம். கேமரா பைகளின் விலை கேட்டு மயங்கி விழாத குறையாக வெளியே வந்தவர், நடைபாதையில் வாங்கியது பால்புட்டி வைக்கும் வாத்துப் படம் போட்ட பை. புட்டி வைக்குமிடத்தில் லென்ஸ் கச்சிதமாக உட்கார்ந்தது.

“அளக்காதீங்க” என்றாள் மனைவி மங்களேஸ்வரி. நின்றுகொண்டே போக முழங்கால் இடம் கொடுக்காததால், மலைப்பயணம் அவளுக்கு அவர் எடுத்துவரும் புகைப்படத்தில் பார்ப்பதோடு சரி. இருந்தாலும் அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

நெரிசலில் பையிலிருந்த வாத்துகளைக் கண்ட ஒரு பெண் பதறி எழுந்தாள். “பாப்பா பின்னால வருதாம்மா? நீங்க உக்காருங்க.”

உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் முழங்கால் உட்கார்ந்துவிட்டது. அடுத்த இருக்கைக்காரரும் எழுந்தார். வராத பாப்பாவுக்காகப் பின்வரிசையே எழுந்தது.

சன்னலை நிறைத்துக்கொண்டு மலை வந்தது.

“சரிங்க,” என்றாள் அவள், மலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பஸ்ஸே எந்திரிச்சுதான் எடம் குடுத்துச்சு.”